ரத்தம் எங்கே போகிறது?

அண்ணனுக்கு முதலில் வந்தது களைப்பு. வயிற்றுவலி இல்லை, மலத்தில் ரத்தம் இல்லை, எடையும் பசியும் பழையபடியே இருந்தன. இரண்டு மாடி ஏறினால் மட்டும் மூச்சு வாங்கியது. வயது 52. உட்கார்ந்தே செய்யும் வேலை. "உடம்பு முன்போல இல்லை" என்று அவனே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டான்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9-க்குச் சற்று மேலே இருந்தது. முதலில் பார்த்த மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. வினையே அதுதான். சில மாதங்களில் அளவு 11-ஐத் தாண்டியது, முகம் தெளிந்தது, மாத்திரையை நிறுத்தினான். அடுத்த பரிசோதனையில் எண் மறுபடியும் இறங்கியிருந்தது. மறுபடியும் மாத்திரை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மலம் கறுத்துப் போவது சகஜம் என்பதால், அந்தக் கறுப்புக்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்குமா என்ற கேள்வியும் எழவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் அதிகம் பேசாதவர். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக மேஜைமேல் அடுக்கினார். ஹீமோகுளோபின் அளவுகளைப் பேனாவால் ஒவ்வொன்றாகச் சுழித்தார். ஃபெரிட்டின் அளவைப் பார்த்தார். உடம்பில் சேமிப்பாக இருக்க வேண்டிய இரும்பு ஏறக்குறைய காலி. பிறகு அண்ணனைப் பார்த்துக் கேட்டார்: "இரும்பு குறைந்திருக்கிறது, சரி. உங்களுக்கு ரத்தம் எங்கே போகிறது?"

இதைப் படிக்கும் எவரும் வேறு எதை மறந்தாலும் அந்தக் கேள்வியை மறக்க வேண்டாம். மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு இரும்புச்சத்து குறைய வெளிப்படையான ஒரு காரணம் இருக்கிறது. ஆணுக்கும், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் அப்படி ஒரு காரணம் கிடையாது. அவர்களுக்கு இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தால், குடலில் எங்கேயோ கசிகிறதா என்று உள்ளே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு அவர் இரண்டு பரிசோதனைகள் எழுதினார்: வாய்வழியாக இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி, ஆசனவாய் வழியாகப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி. இரைப்பையில் ஒன்றும் இல்லை. பெருங்குடலின் வலப்பக்கத்தில், ஏறுகுடல் என்று சொல்லப்படும் பகுதியில், கட்டி இருந்தது. அதிலிருந்து எடுத்த துணுக்கின் பயாப்ஸி முடிவு புற்றுநோய் என்று வந்தது.

இவ்வளவு பெரிய ஒன்று எந்தச் சத்தமும் இல்லாமல் எப்படி வளர்ந்தது? எங்கள் எல்லோருக்கும் இதே சந்தேகம்தான். விடை குடலின் அமைப்பிலேயே இருக்கிறது. பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம். வலது அடிவயிற்றில் தொடங்கி மேலேறி, குறுக்காகப் போய், இடப்பக்கம் இறங்கி, மலக்குடலில் முடிகிறது. சிறுகுடலிலிருந்து வலப்பக்கத்துக்கு வந்து சேர்வது நீர்த்த கூழ். வழியில் நீர் உறிஞ்சப்பட்டு, இடப்பக்கம் வரும்போதுதான் அது கெட்டிப்படுகிறது. வலப்பக்கம் அகலமும் அதிகம். அங்கே கட்டி வளர்ந்தால் கூழ் அதைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். அடைப்பு எளிதில் வராது. கட்டியின் மேற்பரப்பிலிருந்து கசியும் ரத்தம் கூழோடு கலந்து, நீண்ட தூரம் பயணம் செய்து, கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறிவிடும். தெரிவதெல்லாம் களைப்பு மட்டும்.

இடப்பக்கக் கட்டியின் குணம் வேறு. அங்கே பாதை குறுகல், மலம் கெட்டி. மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வருவது, மலம் மெலிந்து போவது, போய்வந்த பிறகும் முழுதாகப் போகாதது போன்ற உணர்வு, கண்ணுக்குத் தெரியும் ரத்தம் ஆகியவை அந்தப் பக்கத்து அறிகுறிகள். இங்கேதான் மூலம் குறுக்கே வருகிறது. ரத்தத்தைப் பார்த்ததும் "மூலமாகத்தான் இருக்கும்" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மூலம் இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்று எந்த விதியும் இல்லை. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் இருக்கலாம். மூலம் என்பதை ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மூலத்துக்கு மருந்து போட்டும் ரத்தம் நிற்கவில்லை என்றால், மேலே உள்ள குடலையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு முன்பு, குடல் மருத்துவர் ஒரு வெள்ளைத்தாளில் படம் போட்டு எங்களுக்கு விளக்கினார். அண்ணி அந்தத் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மருத்துவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

குடலின் உட்சுவரில் கோடிக்கணக்கான நுண்குழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு குழியின் அடியிலும் ஸ்டெம் செல்கள் எனப்படும் தாய் செல்கள் இருந்துகொண்டு புதிய செல்களை உருவாக்கி மேலே தள்ளுகின்றன. மேலே வந்த செல் சில நாட்களில் உதிர்ந்துவிடும். உட்சுவர் முழுவதும் வாரத்துக்கு ஒருமுறை புதிதாகிறது என்றே சொல்லலாம். உடம்பிலேயே வேகமாகப் புதுப்பிக்கப்படும் திசுக்களில் இதுவும் ஒன்று. இத்தனை முறை பிரதியெடுக்கும்போது எழுத்துப்பிழைகள் விழத்தான் செய்யும். பெரும்பாலானவற்றைச் செல்லே திருத்திக்கொள்ளும், இல்லையென்றால் பிழையான செல் இறந்துபோகும். தப்பிப் பிழைக்கும் சில பிழைகள்தான் சிக்கல்.

பெரும்பாலும் முதலில் கெடுவது ஏபிசி என்ற மரபணு. "போதும், வளர்வதை நிறுத்து" என்று செல்லுக்குச் சொல்லும் வேலை அதனுடையது. அது கெட்டால் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் தங்கி, உட்சுவரில் ஒரு சிறு முண்டாகத் திரள்கின்றன. இதைத்தான் பாலிப் என்கிறார்கள். புற்றாக மாறக்கூடிய வகைக்கு அடினோமா என்று பெயர். அடுத்து கேராஸ் போன்ற மரபணுவில் மாற்றம் வந்தால் முண்டு பெரிதாகிறது. கடைசிக் கட்டத்தில் டிபி53 என்ற காவல் மரபணுவும் போய்விட்டால் தடுக்க ஆள் இல்லை. 1990-இல் எரிக் ஃபியரன், பெர்ட் வோகல்ஸ்டைன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த வரிசையைத் தெளிவாக எழுதிக் காட்டினார்கள். பிறகு வந்த ஆய்வுகள் வேறு பாதைகளையும் கண்டுபிடித்தன. உதாரணமாக, வலப்பக்கக் குடலில் தட்டையாகப் படர்ந்து, மேலே சளி மூடியிருப்பதால் எளிதில் கண்ணில் படாத ஒரு வகைப் பாலிப் உண்டு. ஆனால் அடிப்படை மாறவில்லை: ஒரே பிழையால் ஒரே இரவில் புற்றுநோய் வருவதில்லை. பிழைமேல் பிழை சேர வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும்.

எவ்வளவு காலம்? சிறு பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் ஆகும் என்பதுதான் மருத்துவ உலகின் கணக்கு. சில பரம்பரை நோய்களில் மட்டும் இது வெகுவாகச் சுருங்கிவிடும். பாலிப்புகளில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைவானதில் புற்று இருப்பது மிக அரிது. பத்து மில்லிமீட்டரைத் தாண்டியதை மருத்துவர்கள் வேறு கண்ணால் பார்க்கிறார்கள்.

மருத்துவர் தாளில் நான்கு கோடுகள் போட்டார். குடல் சுவரின் அடுக்குகள் அவை. மேல் அடுக்கோடு நிற்கும்வரை செல்கள் எவ்வளவு கெட்டிருந்தாலும் பரவ வழி இல்லை; பாலிப்பை வெட்டி எடுத்தால் கதை முடிந்தது. இரண்டாவது அடுக்கில் ரத்தக்குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. அங்கே கால் வைத்ததும்தான் புற்றுநோய்க்குப் பயணம் செய்ய வழி கிடைக்கிறது. மூன்றாவது அடுக்கு தசை. அதையும் தாண்டினால் வெளிச்சுவர். குடலிலிருந்து புறப்படும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது; பெருங்குடல் புற்று பரவினால் பெரும்பாலும் முதலில் கல்லீரலில் தென்படுவது இதனால்தான். "இந்த முதல் கோட்டுக்கு மேலே பிடித்தால் ஊசிகூட வேண்டியதில்லை. கீழே போகப் போக என் கைவசம் உள்ள எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும்" என்றார்.

அண்ணனுடைய கட்டி தசையைத் தாண்டியிருந்தது. வலப்பக்கக் குடலை, அதைச் சார்ந்த நிணநீர்க் கணுக்களோடு வெட்டி எடுத்து, சிறுகுடலை மீதிப் பெருங்குடலோடு இணைத்தார்கள். வயிற்றில் நிரந்தரமாகப் பை வைக்க வேண்டியிருக்குமோ என்பதுதான் அண்ணியின் பெரிய பயம். அண்ணனுக்குத் தேவைப்படவில்லை, வலப்பக்க அறுவை சிகிச்சையில் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவதில்லை. எடுத்த கணுக்களில் குறைந்தது 12-ஐயாவது நுண்ணோக்கியில் பார்த்தால்தான் நோயின் நிலையை நம்பிச் சொல்ல முடியும் என்பது மருத்துவ நியதி. ரிப்போர்ட்டில் எத்தனை கணுக்கள் பார்க்கப்பட்டன, எத்தனையில் புற்று இருந்தது என்ற இரண்டு எண்களும் இருக்கும். அண்ணனுக்கு இரண்டு கணுக்களில் இருந்தது. ஆகவே மூன்றாம் நிலை. ஆகவே கீமோ.

கீமோ என்றால் முடி கொட்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அண்ணனுக்குக் கொடுத்த ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தின் குணம் வேறு: குளிர் ஆகாது. மருந்து ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டால் விரல் நுனிகளில் ஊசி குத்தும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகி மூச்சே நின்றுவிடுவது போலிருக்கும். அண்ணி ஃபிரிட்ஜ் கதவின் கைப்பிடியில் ஒரு ஜோடிக் கையுறையைத் தொங்கவிட்டிருந்தார். சிகிச்சை முடிந்து வெகுநாள் கழித்தும் அண்ணனால் சட்டைப் பொத்தானைச் சட்டென்று போட முடியவில்லை. விரல் நுனியில் உணர்வு பாதிதான் திரும்பியிருந்தது. இந்தப் பக்கவிளைவை மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள். பொறுத்துக்கொள்வது இங்கே வீரம் இல்லை.

கட்டியை ஆய்வுக்கு அனுப்பியபோது இன்னொரு சோதனையும் செய்தார்கள். டி.என்.ஏ.வில் விழும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை அது. அவை இல்லாவிட்டால் லின்ச் நோய்க்குறி என்ற பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். அந்தக் குடும்பங்களில் பெருங்குடல் புற்று இளம் வயதிலேயே வரலாம். பெண்களுக்குக் கருப்பைப் புற்றும் வரலாம். அதனால்தான் "குடும்பத்தில் யாருக்காவது கருப்பையில் புற்றுநோய் இருந்ததா?" என்று எங்களிடம் கேட்டார்கள். குடல் நோய்க்கும் கருப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது விழித்தோம். அண்ணனின் கட்டியில் அந்தப் புரதங்கள் சரியாக இருந்தன. உங்கள் வீட்டில் யாருக்காவது பெருங்குடல் புற்று கண்டுபிடிக்கப்பட்டால், இந்தச் சோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். அதன் முடிவு நோயாளியின் மருந்தையும் தீர்மானிக்கும், உறவினர்கள் எப்போது பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் தீர்மானிக்கும்.

டிஸ்சார்ஜ் அன்று அந்தக் குடல் மருத்துவர் என்னிடம் திரும்பினார். "நீங்கள் தங்கையா? உங்கள் வயது என்ன?"

"47."

"உடன்பிறந்தவர்கள் வேறு யார்?"

"ஒரு தம்பி இருக்கிறான், 44."

"இரண்டு பேரும் கொலோனோஸ்கோபி செய்துகொள்ளுங்கள். களைப்பு வரட்டும், ரத்தம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்."

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு 60 வயதுக்கு முன் பெருங்குடல் புற்று வந்திருந்தால், மற்றவர்கள் 40 வயதிலோ, அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்போ, எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. அண்ணனுக்கு 52. பத்தைக் கழித்தால் 42. 40 அதற்கு முந்தியது. தம்பியும் நானும் அந்த வரம்பைத் தாண்டியவர்கள்.

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே அக்கா" என்றான். இந்த ஒரு வாக்கியத்தோடு நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். ஒன்றும் இல்லாதபோது போவதுதான் இந்தப் பரிசோதனையின் பொருளே. ஏதாவது இருக்கும்போது போனால் அதற்குப் பெயர் நோயறிதல். ஒன்றும் இல்லாதபோது போனால்தான் முன்கூட்டியே கண்டறிதல்.

நான் போனேன். கொலோனோஸ்கோபியைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் எல்லோரும் குழாயை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் கஷ்டம் முந்தைய நாள்தான். குடலைத் துடைத்துவைத்தது போல் சுத்தம் செய்தால்தான் மருத்துவருக்குப் பாலிப் கண்ணில் படும். அரைகுறையாகச் சுத்தம் செய்துவிட்டுப் போவது வீண் வேலை. சில நாட்கள் முன்பிருந்தே விதை, தோல், நார் அதிகமுள்ள உணவைத் தவிர்க்கச் சொன்னார்கள். முந்தைய நாள் தெளிந்த திரவ உணவு மட்டும். சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் கூடாது, ஏனென்றால் உள்ளே அவை ரத்தம் போலத் தெரியும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். அது குடல் சுவரில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும், சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் தாங்களாக எதையும் நிறுத்தாமல், முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பேதி மருந்துப் பொடியைப் பாதி முந்தைய நாள் மாலையிலும் மீதியைப் பரிசோதனை நாள் விடியற்காலையிலும் குடிக்கச் சொன்னார்கள். இரவு தூக்கம் கெடுகிறதே என்று மொத்தத்தையும் மாலையிலேயே குடித்துவிடச் சிலர் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். இரண்டு தவணையாகக் குடித்தால்தான் வலப்பக்கக் குடல் நன்றாகச் சுத்தமாகிறது. அண்ணனின் கட்டி இருந்ததும் அந்தப் பக்கம்தான். உப்புக் கரிக்கும் அந்தத் திரவத்தைக் குளிரவைத்து, ஸ்ட்ரா போட்டு, நாக்கின் பின்பக்கமாக உறிஞ்சினால் சுவை குறைவாகத் தெரியும். முதல் கோப்பை குடித்ததிலிருந்தே கழிப்பறைக்கு அருகில் இருந்துகொள்ளுங்கள். தாளுக்குப் பதில் ஈரத்துணியும், தடவிக்கொள்ள வாஸலைனும் கையோடு வைத்திருந்தால் மறுநாள் நன்றி சொல்வீர்கள். கடைசியில் வெளியேறுவது மஞ்சள் நிறத்தில், அடி தெரியும் அளவுக்குத் தெளிந்த நீராக இருக்க வேண்டும். பழுப்பாக, கலங்கலாக இருந்தால் போனவுடன் செவிலியரிடம் சொல்லிவிடுவது நல்லது.

பரிசோதனையின்போது லேசான மயக்க மருந்துதான் கேட்டு வாங்கினேன். அரைத் தூக்கத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரமான இளஞ்சிவப்புச் சுவர், அதில் கிளைவிடும் மெல்லிய ரத்தக்குழாய்கள், வளையம் வளையமாக மடிப்புகள். குழாய் உள்ளே போகும்போது காற்று நிரம்பி வயிறு உப்பியது. வளைவுகளில் ஓர் இழுப்பு. குடல்வால் தொடங்கும் இடம் வரை போய் அங்கே ஒரு படம் எடுத்தார்கள். அந்தப் படம்தான் முழுக் குடலையும் பார்த்ததற்கு அத்தாட்சி. தேடும் வேலை பெரும்பாலும் குழாயை வெளியே இழுக்கும்போதுதான் நடக்கிறது. மெதுவாக, மடிப்பு மடிப்பாக விலக்கிப் பார்க்க வேண்டும்; பாலிப் இல்லாத குடலுக்கும் இதற்குக் குறைந்தது ஆறு முதல் எட்டு நிமிடமாவது செலவிட வேண்டும் என்பது மருத்துவர்களே வகுத்துக்கொண்ட அளவுகோல்.

இடப்பக்கம், சிக்மாய்டு என்ற வளைவில், அது இருந்தது. காளான் போல ஒரு காம்பு, அதன்மேல் கொஞ்சம் கருஞ்சிவப்பாக, மேடுபள்ளமாக ஒரு தலை. பன்னிரண்டு மில்லிமீட்டர். மருத்துவர் எதுவும் சொல்லாமல் ஒரு கம்பிச் சுருக்கை நீட்டினார். சுருக்கு தலையைத் தாண்டிக் காம்பில் விழுந்தது, இறுகியது, காம்பு வெளுத்தது, லேசாக மின்சாரம் பாய்ந்தது, தலை துண்டாகி உருண்டது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெட்டினால் வலி தெரியும் நரம்புகள் குடலின் உட்சுவரில் இல்லை. அண்ணனுக்கு அறுவை சிகிச்சை, கீமோ என்று நீண்ட ஒன்றை, எனக்கு ஒரு கம்பி முடித்துவிட்டது.

இந்தக் கம்பிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1969-இல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இருவரும் கொலோனோஸ்கோப் வழியாகக் கம்பிச் சுருக்கைச் செலுத்திப் பாலிப்பை எடுத்துக் காட்டினார்கள். அதற்கு முன்பு, மலக்குடலுக்கு மேலே எட்டாத தூரத்தில் உள்ள பாலிப்பை எடுக்க வயிற்றைத்தான் திறக்க வேண்டும். பாலிப்பை எடுத்தால் புற்று குறையுமா என்பதற்கான உறுதியான பதில் 1993-இல் வந்தது. அமெரிக்காவின் தேசியப் பாலிப் ஆய்வில், பாலிப்புகள் நீக்கப்பட்டவர்களிடம் பெருங்குடல் புற்று, எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 சதவீதம் வரை குறைந்திருந்தது.

பயாப்ஸி முடிவு அடினோமா என்று வந்தது. புற்று இல்லை, வெட்டிய ஓரமும் சுத்தம். பத்து மில்லிமீட்டரைத் தாண்டியதால் மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டை வாங்கி அப்படியே கோப்பில் சொருகிவிடாதீர்கள். குடல் எந்த அளவுக்குச் சுத்தமாக இருந்தது, குடல்வால் வரை போனார்களா, பாலிப் இருந்தால் எத்தனை, எவ்வளவு பெரிது, முழுதாக எடுக்கப்பட்டதா, பயாப்ஸியில் என்ன வகை, அடுத்த பரிசோதனை எப்போது என்பவற்றைப் பாருங்கள். விட்டுப்போனதை மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஆபத்தே இல்லாத பரிசோதனை என்றும் சொல்ல மாட்டேன். குடலில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது, ஆனால் நேரலாம். பாலிப் எடுத்த இடத்தில் ஓரிரு வாரம் கழித்தும் ரத்தம் கசியலாம். வீட்டுக்கு வந்த பிறகு கடுமையான வயிற்றுவலி, காய்ச்சல், நிற்காத ரத்தப்போக்கு என்றால் உடனே திரும்பிப் போக வேண்டும். மயக்க மருந்து கொடுப்பதால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. கூட ஒருவர் வந்தே ஆக வேண்டும்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லை, அறிகுறியும் இல்லை என்பவர்கள் எல்லோரும் நேராகக் கொலோனோஸ்கோபிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் ஃபிட் என்ற எளிய பரிசோதனை இருக்கிறது. வீட்டிலேயே ஒரு சிறு குச்சியால் மலத்தைத் தொட்டு, அதற்கான குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும். மனித ரத்தத்தில் உள்ள புரதத்தை மட்டும் அது தேடுவதால் உணவுக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பாலிப் தினமும் கசிவதில்லை. ஆகவே ஒருமுறை செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது, ஆண்டுதோறும் அல்லது உங்கள் நாட்டில் சொல்லும் இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ரத்தம் இருக்கிறது என்று முடிவு வந்தால், "இன்னொரு தடவை ஃபிட் செய்து பார்ப்போம்" என்பது தப்பித்தல். அடுத்த படி கொலோனோஸ்கோபிதான். அப்படிப் போகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் புற்று இருக்காது. பலருக்குப் பாலிப் இருக்கும். அறிகுறி உள்ளவர், ஃபிட்டில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டதால் மருத்துவரைப் பார்க்காமல் இருந்துவிடவும் கூடாது.

எந்த வயதில் தொடங்குவது என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2018-இல் தொடக்க வயதை 50-லிருந்து 45-ஆகக் குறைத்தது. காரணம், பல நாடுகளில் ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் இந்த நோய் கூடிக்கொண்டு வருகிறது. நடிகர் சாட்விக் போஸ்மேன் 2020-இல் இந்த நோயால் இறந்தபோது அவருக்கு வயது 43. 2016-இல் மூன்றாம் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இளம் வயதில் ரத்தம் போனாலோ, காரணம் தெரியாமல் இரும்புச்சத்து குறைந்தாலோ "உனக்கு என்ன வயதாகிறது, இதெல்லாம் வராது" என்ற ஆறுதலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள்.

அமெரிக்கப் பதிவுகளின்படி, குடலோடு நிற்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள்; தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால் ஏறக்குறைய ஏழில் ஒருவர்தான். இந்தச் சராசரியைத் தனி மனிதர்மேல் ஏற்றிப் பார்ப்பது எனக்குப் பிடிப்பதில்லை. அண்ணனிடம் யாரோ இப்படி ஓர் எண்ணைச் சொல்லி ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுத்தார்கள். ஆனால் பரிசோதனைக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவருக்கு இதைவிட நல்ல காரணம் வேறு கிடையாது.

புகை, மது, உடல் பருமன், அசையாத வாழ்க்கை, பதப்படுத்திய இறைச்சி ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. பதப்படுத்திய இறைச்சியை 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. நார்ச்சத்தும் நடையும் நல்லவை. அண்ணன் புகைத்ததில்லை, குடித்ததில்லை, தினமும் நடந்தவன். அவனைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர், அவன் என்ன தப்புச் செய்தான் என்று விசாரிப்பதிலேயே குறியாக இருந்தார்கள். நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் யாருடைய குடலும் சுத்தமாவதில்லை.

அண்ணன் இப்போது தொடர் கண்காணிப்பில் இருக்கிறான். சில மாதங்களுக்கு ஒருமுறை சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை, இடையிடையே சி.டி. ஸ்கேன், அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டில் கொலோனோஸ்கோபி. சி.இ.ஏ.வைப் பற்றி ஒரு வார்த்தை: நோய் தெரிந்தவர்களுக்கு அது திரும்புகிறதா என்று கண்காணிக்கத்தான் அது உதவும். நலமாக இருப்பவர் அந்த ஒரு பரிசோதனையைச் செய்து "புற்று இல்லை" என்று முடிவு கட்ட முடியாது. முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் அதைப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள்.

தம்பியை மாற்றியது என் வாதம் இல்லை. என் ரிப்போர்ட்டில் ஒட்டியிருந்த வண்ணப்படத்தைக் காட்டினேன். "உனக்கும் ஒன்றும் இல்லாமல்தானே இருந்தது அக்கா?" என்றான். "ஆமாம்" என்றேன். அடுத்த வாரமே தேதி வாங்கினான். அவன் குடலில் எதுவும் இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து வரச் சொன்னார்கள்.

என் மகளுக்குக் கணக்கு வேறு. பத்து மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள அடினோமா 60 வயதுக்கு முன் பெற்றோருக்கு இருந்திருந்தால், பிள்ளைகளுக்குப் புற்றுநோய்க் குடும்பத்துக்கான விதியேதான். எனக்கு 47-இல் எடுத்தார்கள்; பத்தைக் கழித்தால் 37. அவள் 40 வரை காத்திருக்கக் கூடாது. என் கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் படம்பிடித்து அவளுக்கு அனுப்பி, அவள் 37-ஐ எட்டும் ஆண்டையும் கீழே எழுதியிருக்கிறேன். "அம்மாவுக்கு ஏதோ பாலிப் எடுத்தார்கள்" என்று அவள் அப்போது மருத்துவரிடம் சொன்னால் பயனில்லை. எவ்வளவு பெரிது, என்ன வகை, எந்த வயதில் என்று அந்தத் தாளில் இருக்கிறது; அதைத்தான் அவர்கள் கேட்பார்கள்.